இரும்புத் தும்பிக்குச் சொந்தக்காரர் இல்லை

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் அடைந்த மிகப் பெரிய பேறு, பதிப்புரிமை காலாவதியான சாகச வீரனே என்பதை முழுப் பொறுப்புடன் இங்கே அறிவிக்கிறேன்.

மற்ற வீரர்களைப் பாருங்கள். ஒவ்வொருவனும் ஏதோ ஒரு கம்பனியின் சொத்து. அவன் தும்முவதற்கும் வழக்கறிஞரின் கையெழுத்து வேண்டும். படத்துக்குக் கீழே ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஓர் எழுத்து, பக்கத்தில் முதலாளியின் பெயர். நகரசபை நாய்களுக்குக் கட்டும் தகடு இதைவிடக் கௌரவமானது.

இரும்புத் தும்பி அப்படியா? 1941இல் அமெரிக்காவில் பிறந்தான். நாலே இதழில் கம்பனி மூடப்பட்டது. உரிமையைப் புதுப்பிக்க ஒருவரும் போகவில்லை. இப்போது அந்நாட்டின் புதிய காமிக்ஸ்காரர்கள் இப்படிப்பட்ட அநாதை வீரர்களைத் தோண்டியெடுத்து, தூசு தட்டி, மறுபடி பறக்கவிடுகிறார்களாம். கண்டியில் வாங்கிய பழைய சஞ்சிகை ஒன்றில் படித்தேன். யாரும் எடுக்கலாம், யாரும் மாற்றலாம், எவரையும் கேட்கவேண்டியதில்லை.

2000ஆம் ஆண்டு ஜனவரியில், மாத்தளையில் எங்கள் கல்லூரியில் "சித்திரக்கதை மேம்பாட்டுச் சங்கம்" உதயமானது. தலைவர் செல்வரத்தினமாகிய நான். செயலாளர் றஸ்மியா. சித்திரக்காரன் முத்துவீரன், இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவன். வேறு உறுப்பினர்கள் இல்லாததால் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன.

முதல் கூட்டத்தில் தும்பியின் பெருமையை முக்கால் மணி நேரம் விளக்கினேன்.

"யாருக்கும் சொந்தமில்லேன்னா அவ்வளவு மவுசா?" என்றான் முத்துவீரன். "எங்கப்பாவும் முப்பது வருசம் பிரஜாவுரிமை இல்லாம, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமத்தான் இருந்தாரு. எவனும் தூசி தட்ட வரலியே."

இது நிகழ்ச்சி நிரலுக்குப் புறம்பானது என்று குறித்துக்கொள்ளும்படி றஸ்மியாவிடம் சொன்னேன்.

அவனிடம் ஒரு வேண்டுகோளும் இருந்தது. கொழும்பில் ஒரு பத்திரிகைக்குச் சித்திரக்காரர் தேவையாம். முத்துமாரியம்மன் கோவில் மாசித் தேர் முடிந்த திங்கட்கிழமை நேர்முகம். அச்சான வேலை எதையாவது கொண்டுபோய்க் காட்டவேண்டும்.

"அட்டையில சின்னதா என் பேரப் போட்டுக்கிறேன்டா. பேரு இல்லேன்னா நாந்தான் வரைஞ்சேன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. இது கெடைக்கலேன்னா தோட்டத்து ஸ்டோர்ல தேயில மூட்ட தூக்கத்தான் போகணும்."

"பேரா? பேரெண்டுறது விலங்கடா! சொந்தக்காரனே இல்லாத வீரன்ட காலிலயா விலங்கு மாட்டப் போறாய்?"

பெயரில்லாமலே முதல் இதழ் வந்தது. அட்டையில் முகத்தை முழுதாய் மூடிய இரும்பு முகமூடி. இரண்டு கண்ணுக்கும் இரண்டு ஓட்டை. போட்டோக் கொப்பிக் கடை றஹீம் நானாவிடம் ஒரு பிரதியை வைத்துவிட்டு, நாற்பத்தொன்பது பிரதிகளுடன் பஸ் நிலையம் போனோம். ஐம்பதுடன் திரும்பினோம். நானாவும் தன்னுடையதைத் திருப்பித் தந்துவிட்டார். ஓர் அம்மாள் அட்டையைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். அது அவர் போகவேண்டிய பஸ்ஸே அல்ல.

அவசரக் கூட்டம் கூடியது.

"அவங்க மேல தப்பில்ல," என்றான் முத்துவீரன். "மொகத்த மூடிக்கிட்டு கண்ணு மட்டும் தெரியிற ஆள நாம எங்க பாத்திருக்கோம்? ஆமி சுத்திவளைப்புல. தலையில சாக்கு மாட்டிக்கிட்டு ஜீப்புல ஒக்காந்திருப்பான். நம்மளப் பாத்து அவன் தலைய ஆட்டினா, அவ்வளவுதான், ஏத்திருவாங்க. தலையாட்டி படத்த எவன்டா வீட்டுக்குக் கொண்டு போவான்?"

அமெரிக்காவில் முகமூடிக்காரன் காப்பாற்றுகிறான், இங்கே காட்டிக்கொடுக்கிறான். இதைச் சங்கம் "சிறு பண்பாட்டு வேறுபாடு" எனப் பதிவுசெய்து, முகமூடியை நீக்கியது.

"அந்த இடுப்புப் பட்டியையும் கழட்டுங்க," என்றாள் றஸ்மியா. "இவ்வளவு பெரிய பெல்ட்டோட ஆமி சென்றி பொயின்ட் பக்கம் வந்தா, குண்டு கட்டியிருக்கான்னு வாயத் தொறக்க முந்திச் சுட்டுப் போடுவாங்க."

பட்டி நீங்கியது. உள்ளே என்ன என்று கேட்பார்கள் என்பதால் மேலங்கி நீங்கியது. ஆகாயத்தில் தெரிவதையெல்லாம் சுடுவார்கள் என்பதால் பறப்பதும் நீங்கியது. சட்டைப்பையில் அடையாள அட்டை வைக்கப்பட்டது. இத்தனைக்கும் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. காலாவதியான உரிமையின் அருமை அதுதான்.

கடைசியில் மிஞ்சியது, சட்டை போட்ட ஒரு மெலிந்த ஆள்.

"இவனிட்ட இனி என்ன சக்தி மிச்சம்?" என்றேன்.

முத்துவீரன் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். "இவன் சொல்றத ஒரே தடவையில நம்பிருவாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானாவா? நீ காலேஜுக்கு எந்த பஸ்ல வர்ற?"

நான் கோவிலுக்குப் பக்கத்து வீடு. நடந்து வருகிறவன்.

அவனே கதை சொன்னான், அவனே வரைந்தான். சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறிக்கிறார்கள். எல்லாரும் இறங்கி வரிசையில் நிற்கிறார்கள். எங்கே போகிறாய் என்று தும்பியைச் சிங்களத்தில் அதட்டுகிறார்கள். "வேலைக்கு" என்கிறான். "ஹரி, யன்ன." சரி, போ. அடையாள அட்டையை மறந்துவிட்டு வந்த ஒரு பெண் பின்னால் நடுங்குகிறாள். "இவங்க எங்க தோட்டம்" என்கிறான். "ஹரி, யன்ன." பத்தே நிமிடத்தில் முழு பஸ்ஸும் போய்விடுகிறது. முற்றும்.

முத்துமாரியம்மன் தேரன்று மதியத்துக்குள் ஒரு பிரதி மிச்சமில்லை. தும்பி எந்தத் தோட்டத்தில் எந்த டிவிஷன், யாருடைய மகன் என்று ஒருவர் விசாரித்தார். வேறொருவர் அங்கேயே நின்று இரண்டு தரம் வாசித்துவிட்டு, மடித்து அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"ரெண்டாவது தடவ அடிக்கிறப்பயாவது பேரப் போட்றா," என்றான் முத்துவீரன். "திங்கக்கெழம இன்டவியூ."

சங்கம் பரிசீலிக்கும் என்றேன்.

மறுநாள் றஹீம் நானா மெஷினில் கைவைக்க மறுத்தார்.

"தம்பி, பேரும் இல்ல, விலாசமும் இல்ல, நோட்டீஸ் மாதிரி ஈக்கு. பொலிஸ் வந்து இது யாருடதுன்னு கேட்டா நான் என்ன சொல்ற?"

"இது யாருக்கும் சொந்தமில்ல நானா."

"யாருக்கும் சொந்தமில்லாட்டி எனக்குத்தான் கரச்சல். ஒரு பேரப் போடுங்க. படம் கீறின புள்ளட பேர் என்ன?"

பேனையை எடுத்தேன். அட்டையில், தும்பியின் காலடியில் சரியாக ஒரு பெயருக்கு இடம் விடப்பட்டிருந்தது. ஆனால் பெயர் என்பது விலங்கு அல்லவா? நண்பனுக்கு விலங்கு மாட்ட எனக்கு மனம் வரவில்லை. "செல்வரத்தினம்" என்று எழுதினேன். மொட்டையாகத் தெரிந்ததால் முன்னால் "கதை, சித்திரம்" என்று சேர்த்தேன். பிறகு, அழகுக்காக, ஒரு சிறிய வட்டம். வட்டத்துக்குள் ஓர் எழுத்து.

திங்கள் அதிகாலை பஸ்ஸேறும்போது முத்துவீரனின் கையில் ஒரு பிரதியைச் சுருட்டிக் கொடுத்து வாழ்த்தினேன். செவ்வாய்க்கிழமை வந்தான்.

"நாந்தான் வரைஞ்சேன்னு மூணு தடவ சொன்னேன். அட்டையில இருக்கிற பேரக் காட்டிச் சிரிச்சாங்க. சரி, இங்கயே வரைஞ்சி காட்டுறேன்னு வரைஞ்சேன். 'பாத்து வரையிறதில கெட்டிக்காரன் தம்பி நீ'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

பிரதியை அதேபோலச் சுருட்டினான். என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் ஸ்டோரில் சேர்ந்துவிட்டதாக றஸ்மியா சொன்னாள். அதை மட்டும் சொல்லிவிட்டு, கூட்டக் குறிப்புக் கொப்பியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அதே வாரம் கல்லூரி அலுவலகத்துக்குக் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. அந்தப் பத்திரிகைதான். தும்பி வாராவாரம் வேண்டுமாம்.

"இத உருவாக்கினது நீங்கதானா?" என்று கேட்டார்கள்.

"ஓம்," என்றேன்.

ஒரே தடவையில் நம்பிவிட்டார்கள்.