எல்லோருக்கும் தடித்த எழுத்து

இந்தக் கதையை யாரிடமிருந்து தொடங்குவது என்பதே விசாரணை மேசை அக்காவுக்குப் பெரும் பயம். முதலில் யாரைச் சொன்னாலும் அடுத்தவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவள் வேலையோ தற்காலிகம்; நிரந்தர உத்தரவில் இயக்குநர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே சுவரிலிருந்து தொடங்குவோம். சுவர் புகார் எழுதாது.

அலுவலக வாசல் சுவரில் ஒரு பெரிய திரை மாட்டினார்கள். அதில் அலுவலகமே ஒரு மரமாக நின்றது. பிரிவைத் தொட்டால் கிளை விரியும். அலுவலர் பெயரும் அறை எண்ணும் இலை இலையாக வரும். மக்கள் அலையக்கூடாது என்பது உயரிய நோக்கம். எழுத்தை மாற்றும் பொறுப்பு அக்காவுக்கு.

முதல் நாள் இயக்குநர் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. மறுநாளே துணை இயக்குநர் வந்தார்.

“ஏம்மா, என் பேரு மட்டும் ஏன் இப்படி நோஞ்சானா இருக்கு? வீட்ல சோறு போடறாங்களான்னு சம்பந்தி கேக்கறாரு.”

அக்கா தடிக்க வைத்தாள். பின்னாலேயே கணக்கர் வந்தார். “எனக்குச் சாய்ஞ்ச எழுத்தா? நான் எந்தப் பக்கமும் சாயாதவன்னு ஊருக்கே தெரியும்!”

அவரையும் நிமிர்த்தித் தடிக்க வைத்தாள். ஒரே வாரத்தில் மரம் முழுக்கத் தடித்துவிட்டது. எல்லோரும் தடித்தால் யாருமே தடியரில்லை என்று கண்டறிந்த இயக்குநர், தம் பெயரை இன்னும் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினாள். இடம் போதாமல் பெயர் பாதியில் நின்று, பின்னால் மூன்று புள்ளி வைத்தது.

“இந்தப் புள்ளி யாரும்மா?”

“மீதிப் பேருங்க ஐயா. திரையில அடங்கல.”

“அடங்கலையா?” இயக்குநரின் முகம் மலர்ந்தது. “அப்படியே இருக்கட்டும்.”

அவ்வளவுதான். முழுப் பெயர் தெரிகிறவன் சின்ன ஆள் என்றாகிவிட்டது. எல்லோரும் பெரிய எழுத்து கேட்டு, புள்ளி வாங்கிக்கொண்டு போனார்கள். மரத்தில் எவர் பெயரையும் படிக்க முடியவில்லை, அடியிலிருந்த ஒன்றைத் தவிர. அது அக்காவின் பெயர்.

மனு கொண்டுவந்த ஒரு பெரியவர் நேரே அவளிடம் வந்து கும்பிட்டார். “இங்க மேலதிகாரி நீங்கதானேம்மா? உங்க பேரு மட்டும்தான் தெளிவா இருக்கு.”

பின்னால் இயக்குநர் நின்றிருந்தார். அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“ஓஹோ, மெலிசா இருந்தாத்தான் எடுப்போ?” என்றார் அவர். “என்னை உன்னைவிட மெலிசாக்கு.”

மறுநாள் எளிமைச் சுற்றறிக்கை வந்தது. துணை இயக்குநருக்கு இயக்குநரைவிட ஒரு நூல் மெலிவு வேண்டியிருந்தது, கணக்கருக்கு அதிலும் ஒரு நூல். எழுத்துகள் பட்டினி கிடந்து பட்டினி கிடந்து கண்ணுக்கே தெரியாமல் போயின.

இனி யார் கேட்டாலும் மெலிய வைக்க மிச்சமில்லை. அக்கா சுவிட்சை அணைத்து, அதை மறைத்துத் தன் பையை மாட்டிவிட்டு, கையெழுத்தில்லாத உத்தரவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இயக்குநர் வந்தார். கறுத்த திரைக்கு முன் நின்றார். அதில் அவர் முகம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. தலையைக் கோதிக்கொண்டார்.

“இப்பத்தான்மா சரியா வந்திருக்கு!”

அங்கேயே உத்தரவில் கையெழுத்தும் போட்டார். அடுத்துத் துணை இயக்குநர் பார்த்தார், கணக்கர் பார்த்தார். அவரவருக்கு முழுத் திருப்தி. கடைசியில் மனுக்காரப் பெரியவரும் எட்டிப் பார்த்தார்.

“அட, நானும் இருக்கேனே!” என்று பூரித்து, மனுவை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அக்கா மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தன் முகம் இயக்குநரைவிடத் தெளிவாகத் தெரிந்து தொலைத்தால்? நாற்காலியை இழுத்துத் தூணுக்குப் பின்னால் போட்டுக்கொண்டாள்.