செம்பாக்கம் ஏரியில் விடாத படகு

இனிமேல் செய்திக்காக மனைவியிடம் கையேந்துவதில்லை என்று போன மாதம் ஒரு சபதம் எடுத்தேன். எடுத்தபோது அவள் வீட்டில் இல்லை. சபதம் எடுக்க அதுதான் நல்ல நேரம்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் லாசரஸ். 'ஏரிக்கரைச் செய்தி' வார இதழின் நிறுவனர், ஆசிரியர், பிழை திருத்துபவர். நாலு பக்கம், இலவசம். சனிக்கிழமை காலையில் தினசரிகளுக்குள் செருகிக்கொண்டு செம்பாக்கம் முழுக்கப் போகும். உள்ளே இருக்கும் செய்தியெல்லாம் என் மனைவி யூனிஸ் கொண்டுவருவது. பள்ளிக்கூட டீச்சர். எந்தத் தெருவுக்குத் தண்ணி லாரி வரவில்லை, எந்த வீட்டு நாய் குட்டி போட்டது, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் விசாரிக்காமல் ஒரு வரி போட விடமாட்டாள். 'மழைநீர் வடிகால் பணி தீவிரம்' என்று நான் தலைப்பு எழுதினால், நேரே போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். "ஒருத்தர் உக்காந்து டீ குடிக்கிறார். 'தீவிர'த்தை எடுத்துடுங்க" என்பாள்.

அதனால்தான் ஏ.ஐ.யை வேலைக்கு வைத்தேன். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் வாரம் முழுக்க வந்து விழுவதை மொத்தமாக அள்ளி அதன் வாயில் போட்டால் போதும். டீ ஆறுவதற்குள் நாலு பக்கமும் தயார்.

"யூனிஸ், நிருபர் வேலையிலேர்ந்து உன்னை விடுவிச்சுட்டேன்."

"சம்பளமே இல்லாத வேலை. அதுல டிஸ்மிஸ் வேறயா?"

"இனிமே எல்லாம் ஏ.ஐ. பாத்துக்கும்."

"அது எழுதினதை நீங்க படிச்சுப் பாத்தீங்களா?"

"உலகத்தையே கரைச்சுக் குடிச்சது எழுதுது. அதை நான் திருத்தணுமா?"

"மாவு விக்கிறவங்ககூட ஒரு தோசை ஊத்திப் பாத்துட்டுத்தாங்க கடைக்கு அனுப்புவாங்க."

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வார முதல் பக்கத் தலைப்பு: 'செம்பாக்கம் ஏரியில் ஞாயிறு முதல் படகு சவாரி! மக்கள் உற்சாகம்.' அச்சாகி ஊருக்கெல்லாம் போன பிறகு, நானும் எல்லாரையும் போல அதைப் படித்தேன். எனக்கே உற்சாகமாகத்தான் இருந்தது.

ஞாயிறு சாயங்காலம் அயூப் பாய் வந்தார். பேக்கரிக்காரர். பத்திரிகையின் கடைசிப் பக்கம் முழுக்க அவர் விளம்பரம்தான். அவர் இல்லாவிட்டால் பத்திரிகையே இல்லை. கையில் பெரிய கூடை, கூடை நிறையச் சமோசா.

"இன்னா சார் இது? உங்க பேப்பரைப் பாத்துட்டு ஏரிக்கரையில கடை போட்டேன். கூட்டமும் வந்துச்சு. படகு எங்க சார்?"

"வரலையா?"

"ஏரியில ஆகாயத்தாமரைதான் கீது. புள்ளைங்க அழுதுகினு போச்சுங்க. பெத்தவங்க அம்புட்டுப் பேரும் என்னைத் திட்டறாங்க, சமோசா விக்கறதுக்கு நான்தான் புரளி கிளப்பினேன்னு!"

"தொழில்நுட்பக் கோளாறு, பாய்."

"படகுக்கா?"

நான் கூடைக்குள் எட்டிப் பார்த்தேன்.

"இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா என் விளம்பரத்தை எடுத்துடுங்க சார்" என்று சொல்லி, கூடையை என் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

யூனிஸ் அதற்குள் குரூப்பைத் துழாவிக் கண்டுபிடித்துவிட்டாள். யாரோ ஒருவர், 'நம்ம ஏரியில படகு விட்டா எப்படி இருக்கும்?' என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே நிறையப் பேர் கைதட்டியிருந்தார்கள். ஏ.ஐ. படகை விட்டுவிட்டது.

"முதல் பக்கத்துல மன்னிப்பு போடுங்க. பாய் பாவம்."

"மன்னிப்பா? ஒரு தடவை தப்புன்னு ஒத்துக்கிட்டா, அப்புறம் எந்தச் செய்தியை நம்புவாங்க? அச்சுல வந்தா வந்ததுதான்."

"வந்தது வந்ததுதானா?"

"ஆமா. பத்திரிகை தர்மம்."

"சரிங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் மறுபேச்சு இல்லாமல் 'சரிங்க' சொன்னதே கிடையாது. நான் அங்கேயே பயந்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் சமோசா தின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை பால் வாங்கக் கிளம்பினேன். எதிர்வீட்டு டெனிஸ் கையில் பேப்பரோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது.

"பெரிய மனசு சார் உங்களுக்கு. இந்தக் காலத்துல யாரு சார் பதவியை விட்டுக் குடுக்கறாங்க?"

"எந்தப் பதவி?"

"தன்னடக்கம் வேற!"

பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தேன். முதல் பக்கம். கொட்டை எழுத்து. 'படகுச் செய்திக்காக வாசகர்களிடம் மன்னிப்புக் கோரிய ஆசிரியர் லாசரஸ், ஆசிரியர் பொறுப்பைத் தம் மனைவி யூனிஸ் டீச்சரிடம் ஒப்படைத்தார். விடைபெறும்போது அவர் நா தழுதழுத்தது. மக்கள் உற்சாகம்.'

வீட்டுக்குள் நுழையும்போது நிஜமாகவே நா தழுதழுத்தது.

"யூனிஸ், என்ன இது?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. குரூப்புல ஒரு கேள்வி கேட்டேன். 'சார் மன்னிப்பு கேட்டுட்டுப் பத்திரிகையை என்கிட்ட குடுத்தா எப்படி இருக்கும்?'னு. எல்லாரும் கைதட்டினாங்க. மீதியை உங்க நிருபரே எழுதிடுச்சு."

"எனக்குத் தெரியாம எப்படி அச்சுக்குப் போச்சு?"

"நீங்கதாங்க அனுப்பினீங்க. படிச்சுத்தான் பாக்கலை."

போன் அடித்தது. அயூப் பாய். குரலில் போன வாரக் கோபம் துளியும் இல்லை.

"டீச்சர் இருக்காங்களா சார்? என் விளம்பரத்தை இன்னும் அரைப் பக்கம் சேத்துப் போடச் சொல்லுங்க."

எனக்குத் தாங்கவில்லை. அவமானமாக இருந்தது. என் பத்திரிகை, என் பெயர், என் பதவி.

"மறுப்புச் செய்தி போடப்போறேன்!" என்று கத்தினேன்.

"தாராளமா எழுதுங்க. எழுதி ஆசிரியர்கிட்ட குடுங்க. விசாரிச்சுட்டுப் போடறேன்."

ஏ.ஐ.யைத் தொடாமல் சொந்தக் கையால் எழுதிக் கொடுத்தேன். அவளும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் வரை தெருத் தெருவாகப் போய் விசாரித்தாள்.

லாசரஸ் ஆசிரியராகத் தொடர்வதாக ஊரில் ஒருவர்கூட உறுதிப்படுத்தவில்லையாம்.