கம்பிங்கார் படிக்கு நான் வைத்த முட்டு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கடைக்காரர் ஒரு பொருளைக் காட்டி "இது உங்களுக்குப் போதும்" என்று சொல்லிவிட்டால், அது போதாது என்று அந்தக் கணமே முடிவு செய்துவிடுவேன். சோற்றுப் பானை முதல் குளிர்கால மேலங்கி வரை எங்கள் வீட்டில் எல்லாமே தேவைக்கு இரண்டு அளவு பெரியவை. (பானை பெரிதாக இருந்ததால் யாரும் பட்டினி கிடந்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.) இந்தப் பழக்கத்தால் ஒரே ஒரு முறை பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெலே பார்த்திருக்க என் மானம் போனது. ஆனாலும் இன்றுவரை நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற எண்ணமும் இல்லை.

சில வருடங்களுக்கு முன்பு நாங்கள் ஒரு பழைய கம்பிங்கார் வாங்கினோம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஓடும் வாகனம். அதுவரை எங்களுக்கு வக்கான்ஸ், அதாவது விடுமுறை, என்றால் லண்டனில் உறவினர் வீட்டு வரவேற்பறையில் வரிசையாகப் படுத்து எழும்பி வருவதுதான்.

வாங்கியது அம்மாவுக்காக. முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்த பிறகு அம்மாவுக்குப் படி என்றாலே பயம். ரயில் படி, பேருந்துப் படி, பிறர் வீட்டுப் படி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, பாரிஸ் புறநகரான சார்செல்லில் எங்கள் ஏழாம் மாடி ஜன்னலோடு நின்றுவிட்டார். பிரான்சுக்கு வந்து இத்தனை வருடத்தில் இந்த நாட்டுக் கடலை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கட்டிலோடு சேர்த்து அம்மாவைக் கடற்கரைக்குக் கொண்டுபோவது என்று நான் தீர்மானித்திருந்தேன்.

முதல் நாள் வாகனத்தின் கதவைத் திறந்து, மடிப்புப் படியை வெளியே இழுத்துவிட்டோம். அம்மா ஒரு காலைத்தான் வைத்தார். படி அரை அங்குலம் தாழ்ந்து, "கிறீச்" என்றது. அம்மா காலை எடுத்துவிட்டார்.

"பிள்ளை, உது ஆடுது. நான் வரேல்லை. நீங்கள் போட்டு வாங்கோ."

"அதுக்குக் கீழை வைக்கிற முட்டு விக்கிறாங்கள். ஒண்டு வாங்கினாச் சரி" என்றார் இவர். (இவர் என்றால் என் கணவர். பெயர் உண்டு, நான் சொல்லிப் பழக்கமில்லை.)

கம்பிங்கார் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். விற்பனையாளர் பொறுமையான மனிதர். மூன்று விதமான முட்டு காட்டினார். படியின் நடுவில் வைக்கும் ஒற்றைக் கால். இரண்டு பக்கமும் கால் உள்ள நீளச் சட்டம். படியின் ஓரத்தில் கவ்விப் பிடிக்கும் இன்னொன்று. தரையிலிருந்து படி எவ்வளவு உயரம் என்று கேட்டார். நான் என் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டினேன்.

அவர் ஒற்றைக் காலை என் கையில் தந்தார். "இது உங்களுக்குப் போதும், மதாம். இரண்டு விரலால் திருகுங்கள். படியைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். தாங்க வேண்டியது படியை மட்டும்தான், வாகனத்தை அல்ல. புறப்படும் முன் மறக்காமல் எடுத்துவிடுங்கள்."

கையில் வைத்துப் பார்த்தேன். உடுப்பு இஸ்திரி போட்டு மினுக்கும் மேசையின் கால் இதைவிடத் தடிப்பு. என் அம்மாவை, எழுபத்திரண்டு வயது அம்மாவை, இரண்டு விரல் உறுதியில் ஏற்றுவதா?

"இவருக்கு என்ன தெரியும்? இவரின்ரை அம்மாவே ஏறப் போறா?" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிரெஞ்சில் நன்றி சொல்லி வெளியே வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை லெ பிளாங்-மெனிலில் பழைய லொறிச் சாமான் விற்கும் ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, இரண்டு இரும்பு ஜாக்கி வாங்கினேன். ஒவ்வொன்றும் தூக்கினால் தோள் கழலும் பாரம். மரக்கறி வாங்கப் போகும் தள்ளுவண்டியில் வைத்து, இரண்டு ரயில் மாறி இழுத்து வந்தேன். கார் து நோர் நிலையத்தில் தள்ளுவண்டியின் சில்லு ஒன்று கழன்று ஓடிப்போனது. நான் பின்னால் போகவில்லை. இழுத்துக்கொண்டே வந்தேன்.

வாகனத்துக்குப் பூசை செய்யாமல் ஓட்டக்கூடாது என்பது அத்தானின் கட்டளை. அத்தான் என் அக்காவின் கணவர். லா ஷப்பெலில், ரூ பஜோலுக்குப் பக்கத்துத் தெருவில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். வாழைக்காய் வாங்க வருகிறவர்களுக்கு வீசா, திருமணம், முதுகுவலி ஆகியவற்றுக்கு இலவச ஆலோசனையும் வழங்குவார். பூசை அவருடைய கடை வாசலில் என்று முடிவானது. வீடு வீடாகப் போய்ப் பூசை செய்யும் ஐயா ஒருவரையும் அவரே ஒழுங்கு செய்தார்.

பூசை நாள் காலை ஜாக்கி இரண்டையும் கண்டதும் அத்தான் இடுப்பில் கை வைத்தார்.

"சுகந்தி, இது படியைத் தாங்கவோ, பாலத்தைத் தாங்கவோ?"

நான் படியின் இரண்டு மூலையிலும் ஒவ்வொன்றாக வைத்து, இரும்புக் கம்பியைப் போட்டுத் திருகினேன். படி இறுகியது. இன்னும் திருகினேன்.

"சுகந்தி, காணும், நிப்பாட்டும். வாகனம் ஒருபக்கமா எழும்புது" என்றார் இவர்.

"எழும்பட்டும்."

"உமக்கு விசரே?"

நான் படியில் ஏறி மூன்று தரம் குதித்துக் காட்டினேன். அசைவே இல்லை. கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா எழும்பவில்லைதான். ஆனால் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஐயா ஏறினார். "நல்ல படி, பிள்ளை. கருங்கல்லு மாதிரி நிக்குது" என்றார். பதினைந்து பேர் முன்னிலையில் கிடைத்த அந்தச் சான்றிதழ் என் தலைக்கு ஏறியதை மறைக்கப் போவதில்லை. சந்தனமும் குங்குமமும் படியிலும் வைத்தார்கள். தேங்காய் உடைந்தது. நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய், அதாவது எலுமிச்சை, வைத்தாயிற்று. உள்ளே மூலை மூலையாகத் தீர்த்தம் தெளிக்க ஐயா மறுபடி ஏறிப் போனார்.

அப்போது அத்தான் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டார். "ராகுகாலம் வரப்போகுது! கெதியா எடுங்கோ! தேசிக்காயில ஏத்துங்கோ!"

இவர் ஓட்டுநர் இருக்கையிலிருந்து தலையை நீட்டி, "சுகந்தி, எல்லாம் சரியே?" என்று கத்தினார்.

அவர் கேட்டது ஜாக்கியை எடுத்தாயிற்றா என்று. நானோ, முருங்கைக்காய் வாங்க வந்த மூன்று பேருக்கு, கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

"ஓம், எல்லாம் சரி!" என்றேன்.

வாகனம் உறுமியது. தேசிக்காய் நான்கும் நசுங்கின. அதற்குமேல் ஒரு சத்தம் கேட்டது. துருப்பிடித்த தகரக் கூரையை யாரோ கையால் கிழித்தால் வரக்கூடிய சத்தம். உள்ளே செம்பு உருண்டது. "முருகா!" என்றார் ஐயா. இரண்டு மீற்றர் தள்ளிப் போய் வாகனம் நின்றது.

நடுத்தெருவில் இரண்டு ஜாக்கியின் மேல், சந்தனப் பொட்டோடு, படி மட்டும் தனியே நின்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கமாக வந்த ஒரு பெண்மணி, என்ன ஏது என்று கேட்காமல், அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

கைபேசிகள் உயர்ந்தன. பின்னால் நின்ற சாமான் வண்டிக்காரர் ஹோர்னில் கையை வைத்தபடியே இருந்தார். ஐயா கதவடியில் வந்து ஒரு காலைக் கீழே நீட்டினார். காற்றுதான் இருந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பிள்ளை, படி எங்கை?"

நான் பின்னால் கையைக் காட்டினேன்.

அத்தான் கத்தரிக்காய்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துக் கொண்டுவந்து வைத்தார். ஐயா அதைப் பார்த்துவிட்டு, "நான் உதில இறங்கமாட்டன்" என்றார். இவர் ஓடி வந்தார்.

"எல்லாம் சரி எண்டனீரே!"

"நான் படியைச் சொன்னனான். போய்ப் பாருங்கோ, ஆடுதோ எண்டு!"

வாய் அப்படிச் சொன்னதே தவிர, காது இரண்டும் எரிந்தன. மெத்ரோவுக்குள் இறங்கி, வருகிற ரயிலில் ஏறி, போகிற இடத்துக்குப் போய்விடலாம் போல இருந்தது. வாகனம் வாங்காதே என்று சொன்ன அத்தனை பேரும் அந்தத் தெருவில்தான் நின்றார்கள். அம்மாவின் பக்கம் திரும்ப எனக்குத் துணிவில்லை. அந்த நேரம் பார்த்து நகரசபைச் சீருடையில் ஒரு பெண் வந்து, படியைச் சுட்டி, "மதாம், இது உங்களுடையதா?" என்று கேட்டார்.

"ஆம். அந்த வாகனமும் எங்களுடையதுதான்" என்றேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்கக் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டதை நான் கண்டேன்.

அந்தச் சிரிப்புத்தான் எனக்கு ரோசத்தைக் கொண்டுவந்தது. இவரிடம் திரும்பி, "வாகனத்தைப் பின்னுக்கு எடுங்கோ" என்றேன்.

"என்னத்துக்கு?"

"எடுங்கோ எண்டுறன்."

நான் கை காட்டக் காட்ட, வாகனம் அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்து, கதவு படிக்கு நேராக நின்றது. "ஐயா, இறங்குங்கோ." அவர் ஒரு காலை வைத்தார். அழுத்திப் பார்த்தார். மற்றக் காலையும் வைத்தார். பிறகு தேரிலிருந்து இறங்குவது போல நிதானமாக இறங்கினார். தெருவே கைதட்டியது. கேலிக்கா பாராட்டுக்கா என்று தெரியாது. நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கைதட்டல் ஓய்ந்தபோது அம்மா நாற்காலியிலிருந்து எழும்பியிருந்தார். யாரையும் பிடிக்காமல் நடந்து வந்தார். கதவுக் கைபிடியைப் பற்றி, நல்ல காலை முதலில் வைத்து, ஏறினார். மேலே நின்று திரும்பிப் பார்த்தார்.

"உது ஆடேல்லைத்தானே, பிள்ளை" என்றார். "எப்ப போறம்?"

அடுத்த மாதம் போனோம். பிரெத்தாஞ் கடற்கரையில் அம்மா கணுக்கால் தண்ணீரில் நின்று, "உப்புக் குறைவு" என்று தீர்ப்புச் சொன்னார். படியை நாங்கள் மறுபடி வாகனத்தில் பூட்டவே இல்லை. தனியாகவே கொண்டு திரிகிறோம். நிறுத்துகிற இடத்தில் எல்லாம் இவர் இரண்டு ஜாக்கியையும் முனகிக்கொண்டு இறக்கி வைப்பார். நான் திருகுவேன். இரண்டு விரலால் அல்ல.

அன்று தெருவில் எடுத்த காணொளி லண்டன், டொரொன்டோ எல்லாம் சுற்றி வந்தது. இப்போது எங்கள் குடும்பத்தில் யாராவது ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக நின்றால், மற்றவர்கள் வாதாடுவதில்லை. சென்ற மாதம் அக்கா மகளின் கலியாணப் பேச்சில்கூட, மண்டபத்தை மாற்ற முடியாது என்று அவள் ஒரே பிடியாக நிற்க, மாப்பிள்ளை வீட்டாருக்கு அத்தான் சொன்னார்:

"விடுங்கோ, சித்தி மாதிரி முட்டு வைச்சிட்டாள். இனி வாகனம்தான் விலக வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மண்டபம் மாறவில்லை.