தோஷ முட்டை எட்டு

கச்சிராயபாளையத்தில் அந்த மாதம் டவுன் பஸ்ஸைவிட முட்டைச் சாமிக்குத்தான் கூட்டம். கல்வராயன் மலையில் பன்னிரண்டு வருஷம் தவம் இருந்தவராம். முட்டையைப் பார்த்தே உள்ளே இருக்கும் தோஷத்தைச் சொல்லிவிடுவாராம். வரிசையில் முதல் ஆள் யார் என்கிறீர்களா? அடியேன்தான். விலங்கியல் பட்டதாரி!

கழிச்சல் நோயில் செத்தவை போக எங்களிடம் மிஞ்சியது இரண்டே கோழிகள். இரண்டும் அடைக்கு உட்காரவில்லை. அதனால் தெர்மாகோல் பெட்டியில் குண்டு பல்பு மாட்டி, கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, முப்பத்தேழரை டிகிரி சூட்டில் நானே முட்டை வைத்தேன். முதல் தடவை, ஏழாம் நாள் சாமி வந்து தோஷ முட்டைகளை எடுத்துப் போனார். அவர் விட்டுப்போன 'சுத்தமான' முட்டைகளில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. என் பக்தி போதவில்லை என்று பெட்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டி, புதிதாகப் பன்னிரண்டு முட்டை வைத்தேன்.

"இந்தப் பன்னெண்டும் போச்சின்னா கோழி வளக்குற ஆசையையே வுட்டுட வேண்டிதான்," என்றாள் என் மனைவி ராதிகா. கண் கலங்கியிருந்தது.

மறுபடி ஏழாம் நாள் சாமி வந்தார். கதவைச் சாத்திவிட்டு முட்டைக்கு அடியில் டார்ச் அடித்தார். உள்ளே சிவப்பாக, நரம்பு நரம்பாகத் தெரிந்தது.

"பாத்தியா? ரத்தக் காட்டேரி வலை பின்னிக்கினு இருக்குது!"

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கருவின் ரத்தக் குழாயைப் பரீட்சையில் படம் வரைந்து, பாகம் குறித்து, பாஸ் செய்தவன் நான்! கோமுகி அணையில் கரைக்க வேண்டுமென்று எட்டு முட்டைகளைச் சிவப்புத் துணியில் கட்டி வைத்துவிட்டு, வெளியே கூட்டத்துக்கு விபூதி கொடுக்கப் போனார் சாமி. நானும் பின்னாலேயே தட்டு ஏந்திப் போனேன். அன்றிலிருந்து ராதிகா என்னைப் பெட்டிப் பக்கமே விடவில்லை.

இருபத்தோராம் நாள் பெட்டிக்குள் கீச்சு கீச்சென்று சத்தம். ஏழு குஞ்சுகள்! தெருவே கூடிவிட்டது. சாமியும் வந்து, "நாலு முட்டையில ஏழு குஞ்சு! எல்லாம் நம்ம பூஜை," என்று மார் தட்டினார்.

ராதிகா விடவில்லை. "சுத்தம்னு நீங்க வுட்ட நாலும் கெட்டுப்போச்சிங்க. பொரிச்சது அந்தத் தோஷ முட்டைங்கதான். எனுக்கு போன தடவையே சந்தேகம். நீங்க விபூதி குடுத்துக்கினு இருந்தப்போ மாத்தி வச்சிட்டேன். உங்க துணியில இருந்தது அவிச்ச முட்டைங்க."

"அடிப்பாவி!" சாமி அலறினார். "பதினாலு நாளா திருப்பித் திருப்பி வச்சிக்கினு இருந்தேனே! எங்க வூட்டுப் பெட்டியில ஏன் ஒண்ணுகூடப் பொரிக்கலன்னு பாத்தேன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்போ அணையில கரைக்கலியா சாமி?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக் கந்தசாமி. சாமி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

நான் சும்மா இருப்பேனா? "ஜனங்களே, யாரு இன்னா சொன்னாலும் யோசிச்சிப் பாருங்க!" என்று கூட்டத்தைப் பார்த்து முழங்கினேன்.

"படிச்ச நீங்க மொதல்ல யோசிச்சிருந்தா, இவங்க யாரும் உங்க பின்னால வந்து நின்னுருக்க மாட்டாங்க," என்றாள் ராதிகா.