குழாயடியைக் கண்டுபிடித்தவர்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பின் சுற்றுலா அலுவலகத்தின் மூன்றாம் பிரிவுக் குமாஸ்தா குழாயடியைக் கண்டுபிடிக்கும் வரை, உருப்படியாக வேறெதையும் கண்டுபிடிக்கவில்லை. இதை நான் சொல்லவில்லை, அலுவலகத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது. அச்சில் வந்துவிட்டதால் நம்பித்தான் ஆக வேண்டும்.

எல்லா மகத்தான கண்டுபிடிப்புகளையும் போல இதுவும் மாலை நாலு ஐம்பத்தைந்துக்குத்தான் நிகழ்ந்தது. ஒவ்வொரு ஊழியரும் தாம் வசிக்கும் பகுதியில் ‘பார்க்கத்தக்க இடங்கள்’ மூன்றைப் படிவத்தில் எழுதித் தரவேண்டும், ‘இல்லை’ என்ற பதில் ஏற்கப்படாது என்று மேலிருந்து உத்தரவு. குமாஸ்தா முதலாவதாகத் தபால் நிலையக் கடிகாரத்தை எழுதினார். அது ஓடி ஏழு வருஷமாகிறது. இரண்டாவதாக ஒரு மரத்தை எழுதினார். அதைப் போன மாதம்தான் வெட்டினார்கள். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது மனைவியின் போன் வந்தது.

“குழாயில இன்னும் என் முறை வரலைங்க. சமைக்க நேரமாகும். எதிர்வீட்டு அக்கா வேற நடுவுல குடத்தை நுழைக்கறா. வந்து பசி பசின்னு பறக்காதீங்க.”

குமாஸ்தா போனை வைத்துவிட்டு ‘குழாயடி’ என்று எழுதினார். சிறப்பு என்ன என்ற கட்டத்தில், “மகளிர் நாள்தோறும் திரளாகக் கூடி, பாரம்பரிய முறையில் நீர் சேகரித்தவாறே உணர்ச்சிபூர்வமாகக் கருத்துப் பரிமாற்றம் செய்துகொள்ளும் இடம்” என்று சேர்த்தார். ஐந்து மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கொலம்பஸுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் வேலை முடிந்ததில்லை.

பத்தாம் நாள் சுற்றுலா இயக்குநர் இரண்டு பஸ் நிறையப் பயணிகளோடு குமாஸ்தாவின் தெருவுக்கு வந்து இறங்கினார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்காவும் குமாஸ்தாவின் மனைவியும் ஒரே குழாய்க்கு அடியில் இரண்டு குடத்தை வைத்துவிட்டு, இரண்டு குடும்பங்களின் வரலாற்றையும் ஆதியிலிருந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பயணிகள் கை தட்டினார்கள்.

“அடடா! என்ன உயிரோட்டம்! இதைப் பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது!” என்றார் இயக்குநர். சொன்னவர் நுழைவுச் சீட்டுக்கு விலை வைத்துவிட்டுத்தான் போனார்.

இதில் ஒரே ஒரு சின்னச் சிக்கல். பதினோரு வருஷம் மனு மேல் மனுவாகப் போட்டு, நடையாய் நடந்து, குமாஸ்தாவின் மனைவி அந்தத் தெருவுக்கு வீட்டுக் குழாய் இணைப்பு வாங்கியிருந்தாள். இரும்புக் குழாய்கள் லாரியில் வந்து தெருமுனையில் இறங்கியாகிவிட்டது. திங்கட்கிழமை பள்ளம் தோண்டுவதாக நீர் வாரிய என்ஜினியர் வாக்குக் கொடுத்திருந்தார். அவள் சமையலறைச் சுவரில் ஓட்டைகூடப் போட்டு வைத்திருந்தாள். மருத்துவர் அவள் கழுத்து எலும்பைப் படம் பிடித்துப் பார்த்து, “இனிமே தலையில பாரம் ஏத்தக் கூடாதும்மா” என்று சொல்லியிருந்தார். திங்கட்கிழமைக்காக அவள் நாட்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வீடு தண்ணீர் வந்துவிட்டால் குழாயடியில் யார் கூடுவார்கள்? கூட்டம் இல்லாவிட்டால் சண்டை ஏது? சண்டை இல்லாவிட்டால் சுற்றுலா ஏது? எனவே, “பாரம்பரியத்தின் நலன் கருதி, தற்போதைய நிலையே தொடர ஆவன செய்யுமாறு” நீர் வாரியத்துக்குக் கடிதம் போயிற்று. எழுதியவர் குமாஸ்தாதான். மூன்றாம் பிரிவில் வேறு ஆள் கிடையாது.

குழாய்கள் திரும்ப லாரியில் ஏறின. அன்று மாலை மனைவி கண் கலங்கக் கேட்டாள்.

“யாருங்க நிறுத்தினது? அந்தப் பாவி நல்லா இருப்பானா?”

“மேலிடம்,” என்றார் குமாஸ்தா.

“மேலிடத்துக்கு வீட்டுல பொண்டாட்டி கிடையாதா?”

“இருக்கும். ஆனா மேலிடத்துல தண்ணி இருக்கும்,” என்று சொல்லிவிட்டு அவர் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் ‘நிர்வாகம்’ என்பது சூடு பிடித்தது. பிளாஸ்டிக் குடம் புகைப்படத்துக்கு உகந்ததல்ல என்பதால், வீட்டுக்கு இரண்டு வெண்கலக் குடம் இலவசமாக வழங்கப்பட்டது. காலியாக இருக்கும்போதே இடுப்பை ஒடிக்கும் குடம். பஸ் பத்து மணிக்குத்தான் வரும் என்பதால், அதுவரை வரிசை கலையாமலிருக்கத் தண்ணீர் நூல்போல விடப்பட்டது. கருத்துப் பரிமாற்றத்துக்குப் பத்தேகால், பதினொன்றே முக்கால் என்று இரண்டு காட்சி நேரம் குறித்தார்கள்.

ஒரு நாள் எதிர்வீட்டு அக்காவின் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அக்கா சந்தோஷத்தில் எல்லோருக்கும் இடம் விட்டுக் கொடுத்தாள். இரண்டு காட்சியும் படுத்துவிட்டது. ‘சண்டை நடைபெறாமைக்கான காரணம்’ கேட்டு மேலிருந்து தாக்கீது வந்தது. குமாஸ்தா அக்காவின் வீட்டுக்கு ஓடினார்.

“அக்கா, நாளைக்காவது கொஞ்சம் சண்டை போடுங்களேன்.”

“யாரோட தம்பி?”

“என் வீட்டுக்காரியோட.”

“ஐயோ, அவ என்ன பண்ணா?”

“ஒண்ணும் பண்ணலை.”

“ஒண்ணும் பண்ணாதவளோட எப்படிப்பா சண்டை போடறது? நேத்துகூட கழுத்து வலின்னு சொன்னா, நான்தான் தைலம் தேச்சு விட்டேன்.”

“தைலமெல்லாம் தனியா வீட்டுக்குள்ள வச்சுக்கங்க, அக்கா. பயணிங்க பாத்துட்டா தெருவோட பேரே கெட்டுப்போயிடும்.”

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்படியாகச் சுற்றுலா தழைத்தது. குழாயடிக்கு எதிரே, பயணிகள் நிழலில் நின்று பார்க்க மாடியோடு ஒரு ‘பார்வை மேடை’ கட்டினார்கள். திறப்பு விழா அழைப்பிதழ் வீட்டுக்கு வந்தபோது குமாஸ்தா குளித்துக்கொண்டிருந்தார், மனைவி கொண்டுவந்த தண்ணீரில். அழைப்பிதழில் ‘குழாயடியைக் கண்டறிந்து, வீட்டு இணைப்பிலிருந்து காத்தருளிய மூன்றாம் பிரிவுக் குமாஸ்தாவுக்குப் பாராட்டு’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அவள் அழைப்பிதழை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மூணாம் பிரிவுல எத்தனை குமாஸ்தா?”

“ஒருத்தர்தான்.”

“ஓஹோ.” அழைப்பிதழை மடித்து உறையில் போட்டாள். “புது மேடையில தண்ணி வசதி உண்டா?”

“பயணிங்க கை கழுவ மூணு குழாய்.”

“தண்ணி எப்ப வரும்?”

“இருபத்துநாலு மணி நேரமும்.”

கத்துவாள், தட்டு பறக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் எழுந்துபோய்ச் சோறு போட்டாள்.

“தெரு சார்பா என்னைத்தான் வரவேற்புரை சொல்லச் சொல்றாங்களாம்,” என்றாள் குழம்பை ஊற்றியபடி. “எழுதிக் கொடுங்க. படிக்கறேன்.”

அவர் நிம்மதியாக அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். ‘எங்கள் இன்னல்களை உலகமே பார்த்து மகிழ்வதில் எங்களுக்குப் பெருமை’ என்ற வரியில் அவருக்கே புல்லரித்தது.

விழா ஜேஜே என்று நடந்தது. மேடையில் இயக்குநர், என்ஜினியர், பகுதி உறுப்பினர், ஓரத்து நாற்காலியில் மாலையோடு குமாஸ்தா. இயக்குநர் சுற்றுலாவின் இயல்பையும் முக்கியத்துவத்தையும் முக்கால் மணி நேரம் விளக்கினார்.

“பயணிகள் இரண்டு வகை. வந்த அன்றே திரும்புகிறவர் பகல் பயணி. இரவும் இருந்து பார்ப்பவர் தங்கும் பயணி. இரண்டு பேருக்கும் ஒரே விதிதான். பார்க்க வேண்டும், ரசிக்க வேண்டும், எதையும் தொடக் கூடாது. பிறகு கிளம்பிவிட வேண்டும்!”

கைதட்டல் அடங்கியதும் மனைவி ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்றாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். குமாஸ்தா மாலையைத் தளர்த்திக்கொண்டார்.

“எல்லாருக்கும் வணக்கம். பஸ்ல வரவங்கதான் பயணின்னு இத்தனை நாள் நெனச்சிட்டிருந்தேன். இயக்குநர் ஐயா விளக்கிச் சொன்னப்புறம்தான் புரிஞ்சுது. என்ஜினியர் ஐயா பதினோரு வருஷமா எங்க தெருவுக்கு வராரு. வரிசையப் பாக்கறாரு, ‘அடப்பாவமே’ங்கறாரு, எதையும் தொடாம போயிடறாரு. உறுப்பினர் ஐயா ஓட்டு வரப்பல்லாம் வராரு. பாத்துட்டு, கும்பிட்டுட்டு, போயிடறாரு. இயக்குநர் ஐயாவும் அப்படித்தான். எல்லாரும் நல்ல பகல் பயணிங்க. ஒரு விதியும் மீறலை.”

கூட்டத்தில் எதிர்வீட்டு அக்கா முதலில் சிரித்தாள். பிறகு தெருவே சிரித்தது. இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். மனைவி மெதுவாக ஓரத்து நாற்காலி பக்கம் திரும்பினாள்.

“நான் குடம் தூக்கிட்டு நாலு நடை நடக்கறதைப் பத்திரிகை படிச்சுக்கிட்டே பதினாலு வருஷமா பாத்திட்டிருக்காரே, எங்க வீட்டுக்காரர், அவர்தான் தங்கும் பயணி. அவரும் எதையும் தொட்டதில்லை. ஆனா ஐயா சொன்னதுல கடைசி விதி ஒண்ணு பாக்கியிருக்கு.” ஒலிபெருக்கியைக் கையால் மூடாமலே கேட்டாள்: “ஏங்க, நீங்க எப்ப கிளம்பறதா உத்தேசம்?”