அப்ஸ்ட்ராக்ட் அத்தான்

வண்ணார்பேட்டை வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஏசி ரூம். அதை மச்சினன் வன்னியராஜுக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று காசிலிங்கம் சபதமே எடுத்துவிட்டான். பின்னே? திசையன்விளையிலிருந்து அந்த மகராசன் நாலு நாள் என்று வந்தால் நாலு மாசம். காசிலிங்கம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து வேக வேண்டும். அக்னி நட்சத்திரம் வேறு.

காசிலிங்கம் பார்ப்பது எக்ஸ்எம்எல் ஸ்கீமா வேலை. எந்தத் தகவல் எந்த இடத்துக்குள் நுழையலாம் என்று கம்ப்யூட்டருக்குச் சட்டம் எழுதுவது. அதே மூளையை வீட்டிலும் காட்டினான்.

"ஏட்டி, இனிமே இந்த ரூமுக்குள்ள 'வேலை பாக்குத ஆளு' மட்டுந்தான் வரலாம்."

மச்சினனுக்குத்தான் வேலை வெட்டி கிடையாதே!

காசிலிங்கத்தின் மனைவி சித்ரலேகா முழித்தாள். "ஒண்ணும் விளங்கலையே அத்தான். அப்போ நீங்க மட்டுந்தானா?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் தொழிலைப் பற்றி அவள் கேட்டதே இல்லை. மனுசனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அப்படியில்லட்டி. 'வேலை பாக்குத ஆளு'ங்கது பொது வகை. இருக்கத அப்படியே வச்சுக்கிட்டு, கூட ஒண்ணு சேத்தா அது கிளை வகை. பொது வகைக்கு இடம் இருந்தா எந்தக் கிளை வகையும் அங்கன வரலாம்."

"பொது வகையே வரலாமா?"

"வரப்பிடாது! அது அப்ஸ்ட்ராக்ட். பேருக்குத்தான் இருக்கும். என்ன வகைன்னு சொன்னாத்தான் உள்ள விடணும்."

"பாவம், அது," என்றாள் சித்ரலேகா.

மறுநாள் காசிலிங்கம் டீ குடித்துவிட்டு வந்தால், ரூம் கதவு சாத்திக் கிடக்கிறது. உள்ளே வன்னியராஜின் குறட்டை. வாசலில் சித்ரலேகா.

"இவன் எப்படிட்டி உள்ள? வேலை இல்லாத பயல்லா!"

"வந்ததும் ரெண்டு தேங்கா உரிச்சுப் போட்டான்லா? வேலை பாத்தாச்சு. அதுகூட நான் ஒண்ணு சேத்துக்கிட்டேன். 'வேலை பாத்து அசந்து தூங்குத ஆளு'. கிளை வகை."

காசிலிங்கம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். கண்ணை மூடிப் பார்த்தான். கண்றாவி, சரியாகத்தான் இருந்தது. எங்கே கோட்டை விட்டோம் என்றே பிடிபடவில்லை.

"சரி, நகரு. நானும் போறேன்."

"நீங்க என்ன வகை?"

"என்ன கேள்வி இது? வேலை பாக்குத ஆளு!"

"அது பொது வகைல்லா அத்தான். வரப்பிடாதே."

காசிலிங்கத்தின் வேர்வை கையிலிருந்த லேப்டாப்பில் சொட்டியது. சித்ரலேகா பைய ஒரு முறத்தை நீட்டினாள். முறம் நிறையச் சின்ன வெங்காயம்.

"வேலை பாத்துக்கிட்டே உள்ளி உரிக்குத ஆளு," என்றான் காசிலிங்கம். கதவு திறந்தது.