லேபிள் பாயும் மூன்று துண்டான புத்தகமும்

கள்ளக்குறிச்சியில் எதற்காவது பெயர் வைக்க வேண்டுமென்றால் லேபிள் பாயை விட்டால் ஆளே கிடையாது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். தட்டுக்குத் தட்டு லேபிள்: சமையல், பக்தி, பில்லி சூனியம், 'பாதி படிச்சது'. கடைப் பூனையின் கழுத்தில்கூட ஒன்று தொங்கும்.

வருகிற எல்லோரிடமும் முதல் கேள்வி ஒன்றுதான். "வூட்ல உன்ன இன்னான்னு கூப்புடுவாங்க?" முறுக்கு மீசையோடு நின்ற நான் நெளிந்துகொண்டே, "சிட்டுன்னு அம்மா கூப்புடும்" என்றேன். அன்றிலிருந்து கடைத்தெருவே திரும்பிப் பார்க்க, "வா சிட்டு!" என்பார். மானம் போகும்.

ஒருநாள் சின்னசேலத்திலிருந்து வந்த பழைய பேப்பர் மூட்டையில் ஓர் ஆங்கிலப் புத்தகம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போன சனங்கள் கியூபாவிலும் ஹைட்டியிலும் பிரேசிலிலும் கும்பிட்ட சாமிகளைப் பற்றியது. அட்டையில் மேளம், மெழுகுவத்தி. பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "பில்லி சூனியத்துல சொருகு பாய்" என்றார்.

பாய்க்கு வந்ததே கோபம்! "அவன் பாட்டுக்கு சாமி கும்புட்டுக்கினு இருக்கான். நீ இன்னாத்துக்கு பேய்ன்ற? சிட்டு, அவங்களே அதுக்கு இன்னா பேர் வச்சிருக்காங்க, படி."

படித்தேன். கியூபாவில் வெளியார் இளக்காரமாகச் சொன்ன 'சான்டேரியா'வே நிலைத்துவிட்டதாம். கும்பிடுகிறவர்களில் பலர் 'லுகுமி' என்பார்களாம். பிரேசிலில் கன்டோம்ப்ளே. ஹைட்டியில் உள்ளதை உலகம் 'வூடூ' என்கிறது. அங்கே உள்ளவர்களைக் கேட்டால், சாமிகளுக்குப் பணிவிடை செய்கிறோம் என்பதோடு சரி.

"மூணு ஊரு, மூணு பேரு. ஒரே லேபிள ஒட்டினா எப்டி?" என்றவர், நான் "ஐயோ பாய்!" என்பதற்குள் புத்தகத்தை மூன்றாகக் கிழித்துவிட்டார். மைதா பசை போட்டு மூன்று அட்டை, மூன்று லேபிள். முன்னுரை மட்டும் மிஞ்சியது. "இது யாரு வூட்டுப் புள்ளன்னு தெரியலியே" என்று அதைப் பூனைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு துண்டுகூட விற்கவில்லை.

"உங்கள வூட்ல இன்னான்னு கூப்புடுவாங்க பாய்?" என்று கேட்டேன்.

பசையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "கூப்புட்டவங்கள்லாம் போய்ட்டாங்க சிட்டு. கூப்புட ஆள் இல்லன்னா பேரும் போய்டுது. அதான் எல்லாரையும் கேக்கறேன்."

அம்மா போன பிறகுதான் எனக்கு அது உறைத்தது. உலகத்திலேயே என்னைச் சிட்டு என்று கூப்பிட அவர் ஒருவர்தான் பாக்கி. கச்சிராயபாளையத்தில் வேலை முடிந்ததும் டவுன் பஸ் பிடித்து ஓடி வருவேன். புத்தகம் வாங்கவா? அட போங்க.

பாயும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அங்கே செல்போன் கடை. "வாங்க சார், இன்னா வேணும்?" என்கிறார் கடைக்காரர். வாசலிலேயே நிற்கிறேன். கடைத்தெருவே திரும்பிப் பார்க்க, இன்னும் ஒரே ஒரு தரம் மானம் போனால் தேவலை என்று இருக்கிறது.